தோலும் சட்டமும்

நிறவேற்றுமை மனிதனோடு பிறந்தது என்று கருதுவோர் பலர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. அது எங்கு எவ்வாறு வேரூன்றியது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு தெளிவான சான்று.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1652-ல் நன்னம்பிக்கை முனையில் தம் கப்பல்களுக்கு ஒரு தங்குதுறை அமைத்தனர். சில ஆண்டுகளில் வங்காளத்துப் பெண்ணொருத்தி அங்கே அடிமையாகக் கொண்டுவரப்பட்டாள். ஏடுகளில் அவள் பெயர் 'வங்காளத்து ஆஞ்செலா' என்று காண்கிறது. குடியேற்றத்தின் தலைவர் யான் வான் ரீபேக்கின் இல்லத்தில் அவள் ஊழியம் செய்தாள். 1666-ல் விடுதலை பெற்றாள். 1669-ல் ஆர்னோல்டஸ் பாஸன் என்னும் ஐரோப்பியரை மணந்தாள். அந்நாளில் முதன்மையாகக் கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகளே: ஞானஸ்நானம் பெற்றவளா? அடிமையா, சுதந்திரமுள்ளவளா?

ஆனால் கோதுமை வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் பெருகப் பெருக, அடிமை உழைப்பின்றிக் குடியேற்றம் நடவாது என்ற நிலை வந்தது. இந்தியா, இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து சுமார் 60,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டனர். சமயமே வேலியானால், ஞானஸ்நானம் பெறுபவன் அதைத் தாண்டிவிடக்கூடும். தோல் அவ்வாறு மாறுவதன்று. 1685-ல் கம்பெனியின் ஆணையராக அங்கு வந்த வான் ரீட், மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிய 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்னும் பெருநூலால் நாம் அறிந்தவரே. ஐரோப்பியர் முழுக்கறுப்பு நிறத்து அடிமைப் பெண்களை மணத்தல் கூடாது என்றும், ஐரோப்பியத் தந்தைக்குப் பிறந்தவர்களை மணக்கலாம் என்றும் அவர் கட்டளையிட்டார். உடைமையைக் காப்பதற்குரிய வேலியில் இவ்வாறு இரத்தமும் நிறமும் புகுந்தன.

அடிமைமுறை 1834-ல் சட்டப்படி ஒழிந்தது, வேலி ஒழியவில்லை. 1950-ல் இயற்றப்பட்ட மக்கட்பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் வெள்ளையர், கலப்பினத்தார், சுதேசிகள் என்று ஏட்டில் பதியச் செய்தது. சட்டவாசகங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அதன் இலக்கணம் வியப்பளிக்கிறது. வெள்ளையர் என்பவர் யார்? தோற்றத்தால் வெளிப்படையாக வெள்ளையராய் இருப்பவர், அல்லது பொதுவாக வெள்ளையர் என ஏற்கப்பட்டவர். தோற்றத்தால் வெள்ளையராயினும் பொதுவாகக் கலப்பினத்தார் என ஏற்கப்பட்டவர் சேரார். இயற்கையின் உண்மை என்று பறைசாற்றப்பட்ட ஒன்று, அண்டை அயலாரின் அபிப்பிராயத்தில் வந்து நின்றது. தலைமயிரில் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகிறதா என்று பார்த்து இனம் தீர்த்ததும் உண்டு. ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு இனத்தவராகப் பிரிக்கப்பட்டனர்.

விளைவு யாது? ஆஞ்செலாவின் வழிவந்த பல குடும்பங்கள் வெள்ளையராக எண்ணப்பட்டன. அதே வங்காளத்திலிருந்து அதே வகையான கப்பல்களில் வந்த பிற அடிமைகளின் சந்ததியார் கலப்பினத்தாராயினர். கேப் டவுன் நகரின் ஆறாம் வட்டாரம் 1966-ல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சுமார் 60,000 பேர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, நகருக்கு அப்பாலுள்ள மணல்வெளிகளில் குடியேற்றப்பட்டனர்.

1991-ல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அது நிலைநிறுத்திய பெயர்கள் மறையவில்லை. பழைய அநீதிக்குப் பரிகாரம் தேடும் 1998-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமே அப்பெயர்களைக் கொண்டுதான் உரியவரை அடையாளம் காண்கிறது. ஏட்டில் இட்ட பெயரைச் சிலர் தமதெனப் பெருமையுடன் ஏற்கின்றனர். சிலர் அதனை மறுத்து, தம் கோய்கோய் முன்னோரையோ அடிமை முன்னோரையோ தேடுகின்றனர். 'செப்டம்பர்' போன்ற மாதப்பெயர்கள் அங்கே இன்றும் குடும்பப்பெயர்களாக வழங்குகின்றன. அடிமைகளுக்கு எஜமானர் இட்ட பெயர்கள் அவை.

அச்சட்டத்தின் ஆதாரம் 'பொதுவாக ஏற்கப்பட்டவர்' என்ற சொற்றொடர். சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கிவிடலாம். ஆனால் ஒருவரைத் தம்மவராக ஏற்பதும் ஏற்க மறுப்பதும் அண்டை அயலாரிடமே இருக்கின்றன. அது தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய நிலைமை அன்று என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.