அல்லி ராஜ்யமும் மகரக்கட்டும்

பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே சமாதானத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம், எனவே பையன்கள் பெண் வேஷம் கட்டினார்கள் என்று. எனக்கு இது போதவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்குவதற்கு முன்பே கும்பகோணம் பாலாமணி பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்திப் பெயர் வாங்கியாயிற்று. சுவாமிகளுக்கு அலுத்துப்போனது பெரியவர்கள்தான். எழுதிக் கொடுத்ததை விட்டு மேடையிலேயே தர்க்கம் பண்ணுகிற ராஜபார்ட்டுகளிடமிருந்து தன் பாட்டையும் வசனத்தையும் காப்பாற்ற அவருக்குக் கிடைத்தவர்கள் பிள்ளைகள். வாத்தியார் சொன்னால் சொன்னபடி. ஆகவே அதைப் பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. சாப்பாடு, படுக்கை, அடி எல்லாம் ஒரே கூரைக்குள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரப்பட்ட பாடம் பெரும்பாலும் காதல். அபிமன்யு சுந்தரியைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்கிறார் தி.க. சண்முகம். அந்த நாடகத்தில் அபிமன்யுவாக நின்ற சண்முகத்துக்கு அப்போது பத்து வயது நிரம்பவில்லை. சுந்தரியும் பையன். விரகம், ஊடல், தூது எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அர்த்தம் தெரிந்து சிரித்தவர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள். இதைக் கலைக்கான பயிற்சி என்று சிலாகிக்க என்னால் ஆகவில்லை. வெறும் கொடுமை என்று ஒதுக்கவும் ஆகவில்லை.

அல்லி அர்ஜுனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்வாடையே ஆகாதென்று மதுரையை ஆள்கிறாள் அல்லி. மந்திரி பெண், சேனை பெண், காவல் பெண். அர்ஜுனன் நேரே வந்து ஜெயிக்கிறவனில்லை. பாம்பாகப் படுக்கையறைக்குள் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். விழித்ததும் அவள் படை திரட்டுகிறாள். வீரம் பெண்ணிடம், கள்ளம் ஆணிடம். வீட்டில் பெண் குரல் ஓங்கினால் ‘அல்லி ராஜ்யம்’ என்று கேலி பேசுகிற அதே ஜனங்கள்தாம் விடிய விடிய இதைப் பார்த்தார்கள். ஆணில்லாத அந்த ராஜ்யத்தைப் பெண்ணில்லாத கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் நடித்தார்கள் என்பதை யாராவது யோசித்ததுண்டா? அல்லியின் ஆண்வெறுப்பு ஒரு பையனின் மெல்லிய குரலில் வெளிவரும்போது, அது பெண்ணைப் பற்றிய வசனமாக மட்டும் நின்றிருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் குரலுக்குக் கெடு இருந்தது. பதின்மூன்று, பதினான்கில் மகரக்கட்டு வந்துவிடும். எட்டுக்கட்டையில் பாடிய ஸ்திரீபார்ட் ஒரு மாதத்தில் கரகரத்துப் போவான். சின்ன வேஷங்கள், இல்லாவிட்டால் ஊருக்குப் பயணம். காதல் என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரியத் தொடங்கும் நேரமும் காதல் வேஷம் பறிபோகும் நேரமும் ஒன்றாக இருந்தது. சிவாஜி கணேசனும் ஆரம்பத்தில் சீதை வேஷம் கட்டியவர்தான். தாண்டி வந்தவர்களின் பெயர் மட்டும் நமக்குத் தெரிகிறது. தங்கிப்போனவர்களுக்குச் சரித்திரம் எழுத ஆளில்லை.

எதிர்த்திசையில் பெண்ணுக்கு இந்தக் கெடு கிடையாது. கே.பி. சுந்தராம்பாள் 1935இல் படத்தில் நந்தனாராகவே வந்தார். குரல்தான் அவரை ஆண் வேஷத்தில் நிறுத்தியது.

சண்முகம் 1942இல், முப்பது வயதில், மறுபடி பெண் வேஷம் கட்டினார். ஔவையாராக. கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் கேட்டு இளமையை உதறிக் கிழவியானவள் அவள். வளர்ந்த ஆணுக்குத் தமிழ் மேடை மரியாதையோடு விட்டுக்கொடுத்த பெண் வேஷம் அதுதான். அந்தப் பெயர் அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது.