குண்டுகரிச்சானின் வயிற்று நிறம்

குண்டுகரிச்சான், பாகிஸ்தான் முதல் தென்சீனா, இந்தோனேசியா வரை ஊரை ஒட்டியே வாழும் பாடும் பறவை. வண்ணாத்திக்குருவி என்றும் சொல்வர். மலாய் மொழியில் முராய் கம்போங், அதாவது ஊர்க் கரிச்சான். 1758இல் லின்னேயஸ் அறிவியல் பெயரிட்ட இந்த ஒரே இனத்துக்குள் ஆணின் வயிறு சில நாடுகளில் வெள்ளையாகவும் சில இடங்களில் கறுப்பாகவும் இருக்கிறது.

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தேயிலைத் தோட்ட வீடுகளைச் சுற்றிய மரங்களிலும் அங்குள்ள தானா ராத்தா ஊரின் வீட்டுத் தோட்டங்களிலும் பாடுவது வெள்ளை வயிற்றுப் பறவை. ஆணுக்குத் தலையும் மார்பும் முதுகும் நீலம் மின்னும் கறுப்பு. பெண்ணுக்கு அந்த இடமெல்லாம் சாம்பல். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் அதைப் புதிய பறவை என்று நினைக்கமாட்டார். அதே தூக்கிய வால், அதே விடியற்காலைச் சீழ்க்கை.

கடல் தாண்டிப் போர்னியோத் தீவின் சபா மாநிலத்துக்குப் போனால்தான் வியப்பு. அங்கே ஆணின் வயிறு முழுக்கக் கறுப்பு. சிறகுப் பட்டையின் வெள்ளை மிஞ்சியிருக்கும். அதே தீவின் மேற்கிலோ வெள்ளை வயிறுதான். இரு வகையும் சந்திக்கும் பகுதிகளில் இணைசேர்ந்து, இடைப்பட்ட நிறத்தில் குஞ்சுகள் பிறக்கின்றன. ஜாவாவிலும் இதே கதை: மேற்கே வெள்ளை, கிழக்கே கறுப்பு. பனியூழியில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, தீவுகள் நிலத்தால் இணைந்திருந்தன. பிரிந்து வளர்ந்த கூட்டங்கள் அந்த நிலவழியே மறுபடி கலந்ததன் தடயமாக இந்த இடைப்பட்ட நிறத்தை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நிறத்தை வைத்து உறவைக் கணிப்பது ஆபத்து. மடகாஸ்கரில் வாழும் உறவினப் பறவையிலும் கருவயிறு, வெண்வயிறு இரண்டும் உண்டு. செஷல்ஸ் தீவுகளின் இனத்தில் ஆணும் பெண்ணும் கறுப்பு. இலங்கையின் குண்டுகரிச்சானில் வயிறு மாறவில்லை, பெண்தான் மாறியிருக்கிறது: சாம்பல் அடர்ந்து ஏறக்குறைய ஆணைப்போலவே தெரியும்.

இவையெல்லாம் பரம்பரையாகத் தொடரும் வட்டார நிறங்கள். தலையிலோ முதுகிலோ ஒழுங்கில்லாமல் வெள்ளை இறகு முளைத்த தனிப் பறவையின் கதை வேறு. அந்த இறகுகளுக்கு மெலனின் நிறமி சேரவில்லை, அவ்வளவுதான். பார்த்தவர்கள் உடனே 'அல்பினோ' என்பார்கள். உண்மையான அல்பினோவுக்குக் கண்ணிலும் மெலனின் இராது, கண் சிவந்து தெரியும். பார்வையும் மங்கலாதலால் காட்டில் நெடுநாள் பிழைப்பது அரிது.

இந்தோனேசியப் பறவைச் சந்தைகளில் வயிற்று நிறத்துக்கேற்பப் பெயரே வேறு. வெள்ளை வயிறு காச்செர் போச்சி, கறுப்பு காச்செர் ஹிதாம். பாட்டுப் போட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே, கிழக்கு ஜாவாவின் கறுப்பு வயிற்றுப் பறவை வெளியில் காண அரிதாகிவிட்டது. இப்போது பெரும்பாலும் கூண்டில்தான் பாடுகிறது.