கட்டைவிரலும் மணிக்கட்டும்

1997-இல் ‘குவேக்’ போட்டியொன்றில் வென்ற டென்னிஸ் ஃபாங்குக்கு ஒரு ஃபெராரி கார் பரிசாகக் கிடைத்தது. அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தன் சொந்தக் காரையே கொடுத்தார். ஃபாங்கின் வலது கையில் மவுஸ், இடது கை விசைப்பலகையில். அதைப் பார்த்துப் பலரும் அந்த முறைக்கு மாறினார்கள். அதே ஆண்டில்தான் நிண்டெண்டோ 64-இல் ‘கோல்டன்ஐ 007’ வந்தது. அதில் குறி கொஞ்சம் தவறினாலும் துப்பாக்கி தானாகவே எதிரி பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இன்றைய சண்டையின் இரண்டு கட்சிகளும் அந்த ஆண்டிலேயே இருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

மவுஸில் கை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் பார்வை திரும்பும். கண்ட்ரோலர் குச்சி அப்படியில்லை. அதைச் சாய்த்தால் பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். சாய்வு கூடினால் வேகம் கூடும். குழாயைத் திறந்துவிட்டு, டம்ளர் விளிம்பில் தண்ணீர் நிற்கும்படி சட்டென்று மூடுவது மாதிரியான வேலை. அதையும் ஒரு கட்டைவிரல் செய்ய வேண்டும்.

2001-இல் எக்ஸ்பாக்ஸில் வந்த ‘ஹேலோ’ இதற்கு நல்ல வழி கண்டது. குறி எதிரிமேல் படும்போது பார்வை திரும்பும் வேகம் குறையும். ஆட்டக்காரருக்கு உதவி கிடைப்பதே தெரியாது. ‘நான்தான் சுட்டேன்’ என்றே நினைப்பார். கன்சோலில் எல்லோருக்கும் அதே உதவி கிடைத்ததால் யாருக்கும் புகார் இல்லை.

இரண்டு கூட்டத்தையும் ஒரே களத்தில் இறக்கியபோது பிரச்சினை வந்தது. 2007-இல் ‘ஷேடோரன்’ எக்ஸ்பாக்ஸ் 360-ஐயும் கணினியையும் மோதவிட்டது. 2018-க்குப் பிறகு ‘ஃபோர்ட்நைட்’ இதைச் சாதாரணமாக்கியது. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ குறி உதவியின் அளவைக் கன்சோலில் 0.6, கணினியில் 0.4 என்று வைத்திருந்தது. 2024-இல் கணினிக் களத்தில் அதைக் கால்வாசி குறைத்தது.

மவுஸ்காரர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. எதிரி திசை மாறினால் மனிதக் கண் அதைக் கவனித்து, கை அசைவதற்கு ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். சில விளையாட்டுகளில் குறி உதவி எதிரியோடு சேர்ந்து பார்வையையும் ஓரளவு திருப்பிவிடும். மென்பொருளுக்கு அந்தத் தாமதம் இல்லை. கிட்ட நின்று சுடும்போது இது பெரிய வித்தியாசம். ‘அப்போ சுடறது யாரு, நீயா மெஷினா?’ என்று கேட்பார்கள். கண்ட்ரோலர்காரரிடம் பதில் இருக்கிறது: ‘நீ முழுக் கையால விளையாடற, நான் ஒரு விரலால விளையாடறேன்.’

இரண்டும் உண்மைதான். ஒருவர் உடலால் பெறுவதை இன்னொருவருக்கு மென்பொருள் கொடுக்கிறது. இரண்டையும் நிறுத்துப் பார்க்கிற இயற்கையான தராசு எதுவுமில்லை. 0.4 என்பது நிறுவனத்தில் யாரோ எடுத்த முடிவு.

அதனால் என் கட்சி இதுதான். நண்பர்களோடு ஆடும்போது கலந்து ஆடட்டும். வீட்டில் கணினி இல்லாதவன் ஏன் தனியாக நிற்க வேண்டும்? பணமும் தரவரிசையும் உள்ள இடத்தில் கருவியைப் பொறுத்துக் களத்தைப் பிரிக்கலாம். பிரிக்க ஆள் போதவில்லை என்றால், உதவியின் அளவை எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட வேண்டும். தோற்றவனுக்கு எதனிடம் தோற்றோம் என்றாவது தெரியணும்.