கல்லீரல் செயலிழப்பில் வலிப்பும் விழி அசைவும்

கல்லீரல் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு வரும் மூளைப் பாதிப்பின் அரிய முகங்கள் வலிப்பும் இயல்பற்ற விழி அசைவும். குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் வேலை. அது நின்றுபோனால் அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்குச் செல்கிறது; அங்குள்ள துணைச் செல்கள் நீர் கோத்து வீங்குகின்றன. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, உளறல் என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். நீட்டிய கைகள் மணிக்கட்டில் படபடப்பதை ரேமண்ட் ஆடம்ஸும் ஜோசப் ஃபோலியும் 1949-இல் விவரித்தார்கள்.

வலிப்பு எப்போதும் உடலை உதறுவதில்லை. உதட்டோரம் துடிக்கும், ஒரு விரல் மட்டும் இழுக்கும், அல்லது அசைவே இருக்காது, இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) எடுத்தால்தான் தெரியும். அதிலும் சிக்கல் உண்டு: அம்மோனியா மயக்கத்தில் தோன்றும் மும்முனை அலைகள் வலிப்பு அலைகளைப் போலவே இருக்கும். மருந்திலும் கவனம் வேண்டும். வால்ப்ரோயேட் கல்லீரலைக் கெடுத்து அம்மோனியாவையும் ஏற்றும். பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறும் லெவெடிரசெட்டமே பலரின் தேர்வு.

“கண்ணு சொருகிடுச்சு” என்று வீட்டார் பதறுவதில் பல நிலைகள் அடங்கும். இரு விழிகளும் கீழ்நோக்கி நிலைகுத்தலாம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் விலகலாம், சட்டென்று கீழே இறங்கி மெல்ல மேலேறலாம். கடைசி வகைக்கு மில்லர் ஃபிஷர் 1964-இல் பெயரிட்டார். பொதுவாக அது மூளைத்தண்டுக் காயத்தின் அடையாளம். ஆனால் கல்லீரல் மயக்கத்திலும் அபூர்வமாகத் தோன்றி, அம்மோனியா குறைந்ததும் மறைந்துவிடுவதுண்டு.

எல்லாப் பழியையும் அம்மோனியாவின் மேல் போடுவதுதான் பெரிய தவறு. சர்க்கரையோ சோடியமோ இறங்கியிருக்கலாம்; ரத்தம் உறையாமல் மூளைக்குள் கசிந்திருக்கலாம். டாஸ்மாக் பழக்கத்தை இரண்டு நாள் முன்பு நிறுத்தியவருக்கு அதனாலேயே வலிப்பு வரலாம். விழி ஆடி, நடை தள்ளாடினால் தயமின் பற்றாக்குறையை நினைக்க வேண்டும். கார்ல் வெர்னிக்கே 1881-இலேயே விவரித்த நோய் அது. தயமின் ஊசி தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம்.

சென்னைத் தாம்பரம் பகுதியினருக்கு உயர்சிகிச்சை தொலைவில் இல்லை. குரோம்பேட்டையில் ரேலா மருத்துவமனை, பெரும்பாக்கத்தில் க்ளெனீகல்ஸ் இரண்டிலும் கல்லீரல் மாற்று நடக்கிறது. ரேலா மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் முகமது ரேலா 1997-இல் லண்டனில் ஐந்து நாள் குழந்தைக்கே மாற்றுச் சிகிச்சை செய்தவர். ஆனால் பலருக்கு அதுவரை போக வேண்டியதில்லை: லாக்டுலோஸ் சிரப்பும் ரிஃபாக்சிமினும் கொடுத்து, தூண்டிவிட்ட தொற்றையோ மலச்சிக்கலையோ ரத்தக்கசிவையோ சரிசெய்தால் தெளிவு திரும்பும்.

காமாலைக்காரருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்; நாட்டு மருந்து உட்பட அவர் சாப்பிட்ட மருந்துகளையெல்லாம் கையோடு கொண்டு செல்லுங்கள்.