பெரியப்பாவின் நீலக் கண்ணாடி

மேச்சேரியில இருக்கிற பெரியப்பாவைப் போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். முப்பது வருஷம் வார்ப்புப் பட்டறையில் இரும்பு உருக்கினவர். இப்ப ரெண்டு கண்ணிலும் புரை. "நெருப்புக்கிட்ட வேலையா?"ன்னு டாக்டர் கேட்டதுக்கு, தன்னோட பழைய நீலக் கண்ணாடியைக் காட்டியிருக்கார். "இதைப் போட்டுக்கிட்டுத்தானே சார் உலைக்குள்ள பார்த்தேன்!"

வயசும் ஒரு காரணம்தான், மறுக்கலை. ஆனா அந்த நீலம் என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

கதை 1800-ல் இங்கிலாந்தில் ஆரம்பிக்குது. யுரேனஸைக் கண்டுபிடிச்ச வில்லியம் ஹெர்ஷல், கலர் கண்ணாடிகள் வழியா சூரியனைப் பார்த்துக்கிட்டிருந்தார். சில கண்ணாடியில் வெளிச்சம் கம்மி, ஆனா சூடு தாங்கலை. சிலதில் வெளிச்சம் இருக்கு, சூடு இல்லை. அப்போ ரெண்டும் வேற வேறயா? முப்பட்டகத்தில் ஒளியைப் பிரிச்சு, சிவப்புக்கு அந்தப் பக்கம், ஒண்ணுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வச்சார். பாதரசம் ஏறிடுச்சு! அதான் அகச்சிவப்பு.

1500 டிகிரியில் உருகின இரும்பு வீசறதில் பெரும்பங்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம்தான். வருஷக்கணக்கா வாங்கினா கண்ணோட லென்ஸ் கலங்கிடும். கண்ணாடி ஊதுற தொழிலாளிகளுக்கு இப்படிப் புரை வருதுன்னு, பிரிட்டனில் ராயல் சொசைட்டி ஒரு குழுவே போட்டுச்சு. அதில் இருந்த வில்லியம் குரூக்ஸ் (தாலியம் கண்டுபிடிச்சவர்) முந்நூறுக்கும் மேல கண்ணாடி உருக்கிப் பார்த்து, 1914-ல் முடிவை வெளியிட்டார். வெப்பத்தை 90 சதவீதத்துக்கு மேல மறிச்சு, வெளிச்சத்தை விடுற கண்ணாடியும் அதில் உண்டு. வெப்பத்தை மறிக்க அவர் கண்ட நல்ல சரக்கு என்ன தெரியுமா? இரும்பு! ஃபெரஸ் நிலையில் இருக்கிற இரும்பு. ஜன்னல் கண்ணாடியோட ஓரத்தில் பச்சையா தெரியுதே, அதுவும் இரும்போட வேலைதான்.

பெரியப்பாவோட நீலம் கோபால்ட். உலையோட மஞ்சள் கூச்சத்தை அடக்கி உள்ளே தெளிவா காட்டும். கண்ணு கூசலைன்னதும் நிம்மதியா இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆனா வெறும் கோபால்ட் கண்ணாடி, சிவப்பைத் தாண்டின உடனே வர்ற அகச்சிவப்பைத் தாராளமா உள்ளே விட்டுடும்.

பெரியப்பா மகன் இப்ப அதே பட்டறையில்தான் இருக்கான். "உன் கண்ணாடி என்ன கலருடா?"ன்னு கேட்டேன்.

"அப்பாவுதுதாண்ணா, நீலம். இன்னொண்ணு இருந்துச்சு."

அகச்சிவப்பைத் தடுக்கும்னு தரக்குறி போட்டது ஒண்ணு சேலத்தில் தேடணும். கலரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.