சைக்கிள் கரியரில் ஏற்றிய வீடு

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் போக, யாழ்ப்பாணத்தில் சாமான் ஏற்றும் வாகனம் சைக்கிள்தான். கரியர் ஒரு மூட்டைக்கே காணும். ஆகவே அதன்மேல் குறுக்காகப் பலகை வைத்து, பழைய டியூப்பைக் கீலங்களாக வெட்டி இழுத்துக் கட்டினோம். கயிறு குலுக்கலில் தளர்ந்துவிடும், டியூப் தளராது.

பாரம் வைக்கும் இடந்தான் முக்கியம். பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் பாரம் போனால் முன்சில்லு கிளம்பும், ஹாண்டில் சொல்வழி கேளாது. அரிசி மூட்டை சீற்றுக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பாயும் உடுப்பும் மேலே. கரியரின் கால்கள் அச்சு நட்டில்தான் நிற்கின்றன. அதை இறுக்காமல் வெளிக்கிடக் கூடாது. கம்பி முறிந்தால் சில்லு நெளியும், பிறகு தள்ளவும் ஏலாது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஏறி ஓட இடமில்லை. அண்ணா ஹாண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தாங்கித் தள்ளினேன். அம்மாவின் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிப் பலகையில் கட்டியிருந்தோம். இரும்புக் காலை ஏற்ற முடியவில்லை.

1996 இல் திரும்பியபோது அந்தக் கால் வீட்டில் இல்லை.