88ஆம் சங்கீதத்தை யார் வாசிப்பது?

1854இல் சி.எம்.எஸ். சபையார் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்காக ஒரு மிஷன் தொடங்கினார்கள். பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. (பேரைப் பாருங்க!) திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். கேட்டவர்களும் நடந்து வந்தவர்கள்தான். மன்னாரிலிருந்து காட்டுப்பாதையில், செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. 1948இல் பேரப்பிள்ளைகளின் குடியுரிமையும் போனது.

புசல்லாவையில் நாங்கள் கேட்டு வளர்ந்தது 'கஷ்டத்திலும் துதி' என்பதைத்தான். சரி. ஆனா முழுசா வாசிச்சா, 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு போலப் புலம்பல். பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பும். 88ஆவது திரும்பாது, இருட்டிலேயே முடியும். எபிரேயத்தில் அந்தப் புத்தகத்தின் பெயரே 'துதிகள்'. 88ஐயும் அதுக்குள்ளதான் வச்சிருக்காங்க. எங்க ஜெபக்கூட்டங்களில் மட்டும் அதை யாரும் வாசிக்கிறதில்லை.